பாதி காலியான கிட்டார்

சோபாக்காரரிடம் ஏதாவது கேட்டுப் பதில் வாங்கவேண்டுமானால் அவர் வாயில் ஆணி இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். அப்படியொரு நேரம் எங்கள் தெருவில் அநேகமாக யாருக்கும் வாய்த்ததில்லை. காலையில் பட்டறையின் இரும்புக் கதவைத் தூக்கியதுமே ஒரு சிட்டிகைச் சின்ன ஆணியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குத் தள்ளும். காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு தட்டு, துணி சட்டத்தோடு சேர்ந்துவிடும். யார் என்ன கேட்டாலும் "ம்ம்" என்பார். ஆகட்டும் என்பதற்கும் ம்ம், ஆகாது என்பதற்கும் ம்ம். எது எந்த ம்ம் என்று பிரித்துச் சொல்ல அவர் மனைவியால்தான் முடியும். வேலை முடிந்தபின் சோபாவில் தானே ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார். மனசுக்குப் பிடித்துவிட்டால், "நல்லா உக்காருது" என்பார். அவர் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

கீழே பட்டறை, மேலே வீடு. மனைவி துணி வெட்டுவார். சோபாக்காரரின் அக்கா, மனைவிக்கு அண்ணி, ஜன்னலோரத் தையல் மெஷினில் உட்கார்ந்து உறை தைப்பார். கூடவே வாயாலும் எல்லாரையும் ஒரு தையல் போட்டுக்கொண்டிருப்பார். பஞ்சும் ஃபோம் தூளும் நாள் முழுக்கப் பறக்கிற இடம் அது. அந்த வீட்டில் தேநீர் கொடுத்தால் முதலில் ஊதிப் பஞ்சை ஒதுக்கிவிட்டுத்தான் குடிக்கவேண்டும். நான் பலமுறை குடித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மனைவியைத் தெருவில் எல்லாரும் கிட்டாரம்மா என்போம். வீடு மாற்றிய ஒரு வாடிக்கையாளர் பழைய சோபாவோடு ஒரு பழைய கிட்டாரையும் இறக்கிவைத்தார். புதுத் துணி போட்டு முடிந்ததும் சோபாவை மட்டும் ஏற்றிக்கொண்டு, அது உங்களிடமே இருக்கட்டும் என்று போய்விட்டார். பட்டறை ரேடியோவில் சாயங்காலம் ப்ளூஸும் ஜாஸும் போடுகிற நிலையம் ஒன்று உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு, கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரலை வைத்துக்கொண்டு, தானாகவே தட்டுத் தடுமாறி கிட்டாரம்மா வாசிக்கப் படித்துக்கொண்டார். ரேடியோவில் வருகிறவன் அழுகிறானா பாடுகிறானா என்று அண்ணி ஒருநாள் கேட்டார். "ரெண்டும்தான் அண்ணி. அழுகையத் தாளத்துல வெச்சுட்டா கால் தானா ஆடுது பாருங்க" என்றார் கிட்டாரம்மா. அண்ணி குனிந்து பார்த்தபோது மெஷின் மிதிக்கிற தன் கால் அந்தத் தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

முக்குச் சலூன்காரர் தன் நாற்காலிக்கு மெத்தை மாற்ற வந்தபோது கிட்டாரம்மா வாசிப்பதைக் கேட்டார். அவர் சும்மா இருக்கும்போதும் சீப்பால் எதையாவது தட்டிக்கொண்டிருக்கிறவர். வீட்டில் டிரம் வைத்திருந்தார். அவருடைய மச்சான் பஸ் கண்டக்டர், பேஸ் கிட்டார் வாசிப்பார். மூன்றுபேரும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய தெரு காபிக்கடையின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வாசிக்க இடமும் கிடைத்தது. வாரம் முழுக்க அளவெடுத்து வெட்டித் தைத்து வளைந்த முதுகு அந்த மாடியில்தான் நிமிரும் என்று கிட்டாரம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. நாலாவது மேசைக்கு அந்தப்பக்கம் கிட்டார் காதிலேயே விழவில்லை, டிரம்மும் பேஸும்தான் கேட்கின்றன என்று காபிக்கடை முதலாளி சொல்லிவிட்டார். நல்ல மனிதர், கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை கேட்கிறமாதிரி ஒரு கிட்டாரோடு வந்தால் இவர்கள், இல்லையென்றால் கீபோர்டுக்காரர் ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், அவர் தனியாளாகவே எல்லாச் சத்தமும் போட்டுவிடுவார் என்றார்.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியே ஆகவேண்டும் என்று ஆயிற்று. எதை வாங்குவது என்பதில் பட்டறையில் ஒரு மாநாடே நடந்தது. முழுக் கட்டையில் செய்த கிட்டாரை ஒயர் மாட்டாமல் வாசித்தால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும், ஒயர் மாட்டினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துகொள்ளும் என்றார் கண்டக்டர். உள்ளே முழுக்கக் காலியாக இருக்கிற வகை வீட்டுக்கு நல்லது, ஆனால் மேடையில் சத்தம் கூட்டினால் ஊளையிடும். இரண்டுக்கும் நடுவில் செமி ஹாலோ என்று ஒன்று இருக்கிறது. நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் காலி. வீட்டில் ஒயரில்லாமல் தனக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் கொடுக்கும், மேடையில் ப்ளூஸுக்கும் ஜாஸுக்கும் வேண்டிய உருண்டையான நாதமும் கிடைக்கும். பேர் பெற்ற கம்பெனி என்றால் பட்டறையையே விற்கவேண்டும், தேடினால் நம் கைக்கு எட்டுகிற விலையிலும் உண்டு என்று முடித்தார்.

அண்ணி நூலைக் கடித்துத் துப்பினார். "காச முழுசா வாங்கிட்டு உள்ள பாதி காலியாவா குடுக்குறான்? இதே மாதிரி நாம ஒரு சோபா குடுத்தா விடுவாங்களா?"

அந்த வார்த்தை தம்பியின் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அது தெரிந்திருந்தால் அண்ணி சொல்லியே இருக்கமாட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கணவனும் மனைவியும் கிட்டார்க் கடைக்குப் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே நீளமான ஒற்றை அறை, சுவர் முழுக்கக் கிட்டார். கடைக்காரர் ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறவர். அவர்கள் விலைக்குள் இரண்டு செமி ஹாலோ இருந்தன. ஒன்று புதிது, மிட்டாய்ச் சிவப்பில் மினுமினுத்தது. இன்னொன்று பழைய பழுப்பு, முதுகில் முன்னால் வாசித்தவரின் பெல்ட் கொக்கி உரசின கீறல்கள். ஒயர் மாட்டாமல் முதலில் வாசித்துப் பாருங்கள் என்றார் கடைக்காரர்.

கிட்டாரம்மா சிவப்பை மடியில் வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் விரலை அழுத்தி நிதானமாக ஏறினார். நடுவில் ஓரிடத்தில் தந்தி இரும்பில் இடித்து இரைந்தது. தந்தியை இழுத்து வளைத்துவிட்டதும் சுருதி இறங்கிப்போயிற்று. பழுப்பை எடுத்தார். கழுத்து அவர் கைக்குச் சரியாக அமைந்தது. இரைச்சல் இல்லை, வளைத்து வளைத்து இழுத்தும் சுருதி நின்றது. காதைக் கிட்டாரின் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு நாலு சுரம் மெதுவாக வாசித்தார். அவருக்கு மட்டும் கேட்கிற சத்தம். சாய்த்த காதை நிமிர்த்த அவருக்கு மனசே வரவில்லை.

சோபாக்காரரும் தன் பங்குக்குப் பழுப்பை வாங்கி, பலகை வாங்குகிறபோது பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி விளிம்போடு பார்த்தார். பிறகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை விரலால் தட்டிக்கொண்டே போனார். "நடுவுல சட்டம் ஓடுது. ரெண்டு பக்கமும் வெறும் காத்து" என்றார். கட்டையா ஒட்டுப்பலகையா என்று கேட்டார். ஒட்டுப்பலகைதான், விலை குறைய அதுவும் ஒரு காரணம், இந்த வகைக்கு அது ஒன்றும் குறையில்லை என்றார் கடைக்காரர். ஒட்டுப்பலகை என்ற சொல்லைக் கேட்டதும் சோபாக்காரரின் மூக்கு சுருங்கியதை மனைவி பார்த்தார், பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

பிறகு கடைக்காரர் முக்கியமான இரண்டு விஷயங்களைச் சொன்னார். சத்தத்தை ரொம்பக் கூட்டினால் ஸ்பீக்கர் சத்தம் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து இதுவும் ஊளையிடும், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்காதீர்கள் என்பது ஒன்று. மேல்பலகையில் வளைந்து வளைந்து இரண்டு ஓட்டை இருக்கிறதே, வீட்டில் கேட்கிற குரல் அது வழியாகத்தான் வருகிறது, அது இதன் மூச்சு என்பது இன்னொன்று. இரண்டையும் கிட்டாரம்மா கேட்டுக்கொண்டார். சோபாக்காரர் கேட்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஒருபக்கம் அமுங்குகிறதே என்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, தரையில் மண்டியிட்டு அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சியால் லாபமும் வந்தது. கடையிலிருந்த எல்லா ஸ்டூலுக்கும் புது மெத்தை போட்டுத் தருவதாகப் பேசி, விலையில் நல்ல பங்கைக் குறைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த கிட்டார் அன்று ஒரு சாயங்காலம்தான் நிம்மதியாகப் பாடியது. மறுநாள் கிட்டாரம்மாவும் அண்ணியும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு நாற்காலி உறை அளவெடுக்கப் போனார்கள். பட்டறையில் சோபாக்காரரும் கிட்டாரும் மட்டும் இருந்தார்கள்.

இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதர் செய்கிற தொழிலை நினைத்துப் பார்க்கவேண்டும். அவர் கைக்கு வருகிற எதுவும் ஒரு சட்டமும் அதைச் சுற்றிக் காலி இடமுமாகத்தான் வரும். காலி இடத்தை நிரப்பித் துணியால் மூடினால் வேலை முடிந்தது. மூடாவிட்டால் வேலை பாக்கி. எதிரே மேசைமேல் மனைவி ஆசையாக வாங்கின பொருள், நடுவில் சட்டமும் இரண்டு பக்கமும் காலியுமாகக் கிடக்கிறது. பஞ்சுத் தூள் வேறு ஓட்டைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா சொன்னதும் காதில் ஓடுகிறது. அவர் வேறு என்ன செய்வார்?

நல்ல ஃபோமாக எடுத்து விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டினார். பசை தடவினார். திணிப்புக் கம்பியால் ஓட்டை வழியே உள்ளே தள்ளி, மூலையெல்லாம் சமமாக நிரவினார். கடைசியில் பழுப்பு வெல்வெட்டை ஓட்டையின் வளைவுக்கே கத்தரித்து, பிசிறில்லாமல் ஒட்டினார். தட்டிப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சத்தம். இத்தனை வருஷத்தில் அவ்வளவு அழகாக அவர் எதையும் முடித்ததில்லை.

மனைவி திரும்பி வந்தபோது அவர் வாயில் ஆணி இல்லை. பாராட்டுக்கு நன்றி சொல்லத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

கிட்டாரம்மா மடியில் எடுத்துவைத்து ஒரு தந்தியை மீட்டினார். இன்னொன்றை மீட்டினார். காதைச் சாய்த்து வைத்தார். உள்ளே யாரோ துணியை வாயில் அடைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

"என்ன பண்ணுனீங்க இத?"

"அடைச்சிட்டேன்" என்றார் அவர். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. "பஞ்சு போகாது. கெட்டியாவும் ஆயிடுச்சு. தட்டிப் பாரு."

கிட்டாரம்மா தட்டிப் பார்க்கவில்லை. கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு மேலே போய்விட்டார். சோபாக்காரர் ஆணி டப்பாவைத் திறந்து வழக்கத்தைவிட அதிகமாகவே வாயில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு எல்லாம் அண்ணி வழியாகத்தான். சூப்பு ஆறுகிறது என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள் என்பார் மனைவி. ஒரே மேசைதான், மூன்று தட்டுதான். தம்பி, சூப்பு ஆறுகிறதாம் என்பார் அண்ணி. ம்ம் என்பார் அவர். "என்னடா ம்ம்? அவ இல்லாம உன் ம்ம்முக்கு நான் எங்க போய் அர்த்தம் கேக்குறது?" என்று அண்ணி ரொட்டியைத் தட்டில் போட்டார். தான் விட்ட ஒரு வார்த்தையால் வந்த வினை என்று தெரிந்தபிறகு அவரும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். பழைய கிட்டாரையே எடுத்துக்கொண்டு போகலாம், இடம் கீபோர்டுக்காரருக்குப் போனால் போகட்டும் என்று கண்டக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார் கிட்டாரம்மா.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கிட்டாரம்மா கீழே இறங்கி வந்தபோது சோபாக்காரர் தரையில் கவிழ்ந்து படுத்திருந்தார். வாயில் ஆணிக்குப் பதில் ஒரு சின்ன டார்ச். கையில் சோபா முதுகு தைக்கிற வளைஊசி. வெல்வெட்டை உரித்துவிட்டு, ஓட்டைக்குள் ஊசியை விட்டு ஃபோமைத் துணுக்குத் துணுக்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் குவியல். விரல் நுனிகள் உரிந்து சிவந்திருந்தன. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடக்கிறார் என்று கிட்டாரம்மா அண்ணியைக் கேட்டார். விடிந்ததிலிருந்து என்றார் அண்ணி.

கிட்டாரம்மா எதிரே உட்கார்ந்து கிட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டார். டார்ச்சை அவர் வாயிலிருந்து வாங்கித் தானே அடித்துக் காட்டினார்.

"காலியா இருந்துச்சு" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "பாத்துட்டுச் சும்மா இருக்க மனசு கேக்கல."

"காலியா இருந்தாத்தாங்க அதுக்குக் குரலே."

"அத யாரு எங்கிட்ட சொன்னா?"

"கடைக்காரர் சொன்னாரே. நீங்கதான் ஸ்டூலுக்கு அடியில இருந்தீங்க."

அண்ணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கிட்டாரம்மாவுக்கு. சோபாக்காரர் மட்டும் சிரிக்காமல் பிடுங்கிக்கொண்டே இருந்தார். கிளம்புகிற நேரத்துக்கு ஒரு பக்கம் சுத்தமாகிவிட்டது. இன்னொரு பக்கத்தில் பசை கெட்டியாகக் காய்ந்திருந்தது, அசையவில்லை. ஒரு பக்கம் அடைப்பும் ஒரு பக்கம் காற்றுமாகக் கிட்டார் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு மழையில் கிளம்பியது. சனிக்கிழமை சோபா ஏற்றி இறக்குகிற நாள் என்று ஒருநாளும் காபிக்கடைக்கு வராத சோபாக்காரரும் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தார். நானும் போனேன். இதைத் தவறவிட நான் என்ன முட்டாளா?

மழைக்கு ஒதுங்கின கூட்டமும் சேர்ந்து காபிக்கடை மாடி நிரம்பிவிட்டது. மேசைகளை நெருக்கிப் போட்டிருந்ததால் மூன்றுபேரும் மூலையில் ஒடுங்கி நின்றார்கள். ஸ்பீக்கர் பெட்டி கிட்டாரம்மாவின் முதுகை ஒட்டி இருந்தது. நகர இடமில்லை. மூன்றாவது மேசையில் கீபோர்டுக்காரர், நாகரிகமான மனிதர், காபி குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி படி முகப்பில் கைகட்டி நின்றார்.

சலூன்காரர் பிரஷ்ஷால் டிரம்மை வருடினார், கண்டக்டரின் பேஸ் நடைபோட ஆரம்பித்தது, கிட்டாரம்மா சத்தத்தைக் கூட்டி முதல் சுரத்தைத் தொட்டார். அதற்குள் கிட்டார் தானாகவே ஊளையிட்டது. கீழே தெருவில் நடந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். சத்தத்தைக் குறைத்தார். நாலாவது மேசையிலிருந்து ஒருவர் காதைக் கையால் மடித்துக் கேட்டார். கூட்டினார், மறுபடி ஊளை. கீபோர்டுக்காரர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். முதலாளி தரையைப் பார்த்தார். கிட்டாரம்மாவின் கை தந்திமேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது.

சோபாக்காரர் எழுந்தார். மேசைகளுக்கு நடுவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய், அத்தனைபேர் முன்னாலும் மனைவிக்கு எதிரே முழங்கால் போட்டார். பேண்ட் பையில் கையை விட்டார். மத்தியானம் பிடுங்கிய ஃபோம் துணுக்குகள் அதில் இருந்தன. எதையும் வீணாக்கமாட்டார் அந்த மனிதர். திறந்திருந்த ஓட்டைக்குள் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இந்த முறை பசை இல்லை, இறுக்கவும் இல்லை. மூடியும் மூடாமலும் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, "ம்ம்" என்றார்.

கிட்டாரம்மா சத்தத்தைக் கூட்டினார். ஊளை இல்லை. இன்னும் கூட்டினார். இல்லை. முதல் சுரம் உருண்டு வெளியே வந்தது, அதற்குப் பின்னால் அடுத்தது. அன்றைக்கு அவர் வாசித்த ப்ளூஸில் இரண்டுநாள் பேசாமலிருந்த கோபமும் இருந்தது, அந்த ஸ்டூல் சிரிப்பும் இருந்தது. கடைசி மேசைக்குப் போய் நின்று கேட்ட முதலாளி அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கீபோர்டுக்காரரின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் முதலாளி கிட்டாரம்மாவுக்குத் தன் கையால் காபி கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வாருங்கள், மேசையைத் தள்ளிப் போடவேண்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்கவேண்டும்?

அந்த வாரம் கிட்டார்க்கடை ஸ்டூல்கள் காத்திருந்தன, பல் ஆஸ்பத்திரி நாற்காலியும் காத்திருந்தது. சோபாக்காரர் மிச்சமிருந்த பசையை ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார். பிறகு இரண்டு ஓட்டைக்கும் இரண்டு குட்டி மெத்தை செய்தார். ஓரத்துக்குக் கயிறு வைத்துத் தைத்தது அண்ணி. இழுத்து எடுக்க நுனியில் ஒரு நாடா. மேடைக்குப் போனால் மாட்டிக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்தால் கழற்றிவிடலாம்.

அவை முடிந்த அன்று சாயங்காலம் நான் தேநீருக்குப் போயிருந்தேன். குட்டி மெத்தைகள் மேசைமேல் கிடந்தன. கிட்டாரம்மா ஒயரில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார், பட்டறைக்குள் மட்டும் கேட்கிற குரலில். அண்ணி மெஷினை நிறுத்தியிருந்தார். சோபாக்காரர் ஸ்டூல் ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார், பாட்டின் நடுவில் அடிக்காமல், முடிகிற இடமாகப் பார்த்து.

வாசித்து முடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டார் கிட்டாரம்மா. ஒவ்வொரு முறையும் கேட்பதுதான். ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரு ம்ம்தான், அது மட்டும் எந்த ம்ம் என்று அவருக்கே பிடிபட்டதில்லை.

சோபாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ஆணிகளை ஒவ்வொன்றாகத் துப்பினார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். கடைசி ஆணி கன்னத்துக்குள் மாட்டிக்கொண்டு வரத் தாமதித்தது.

"நல்லா உக்காருது" என்றார்.

கிட்டாரம்மா குனிந்து தந்தியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "சரியா காதுல விழல" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

அதற்குள் அவர் ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். "ம்ம்" என்றார்.

அது எந்த ம்ம் என்று அண்ணி என்னைக் கேட்டார். கிட்டாரம்மாவின் முகத்தைப் பாருங்கள் என்றேன்.